விரிதாளில் ஆங்கிலக் குடும்பப் பெயர்களின் பெரிய, சிறிய எழுத்துகளைச் சூத்திரத்தால் சீர்செய்வது எப்படி?

வெளிநாட்டு வாடிக்கையாளர் பட்டியல், கருத்தரங்குக்கு வருவோரின் பெயர் அட்டை, பழைய மாணவர் முகவரித் தொகுப்பு என்று எதை எடுத்தாலும், பல கைகள் தட்டச்சு செய்த விரிதாளில் குடும்பப் பெயர்கள் ஒரே சீராக இருப்பதில்லை. ஒருவர் முழுப் பெயரையும் பெரிய எழுத்தில் அடித்திருப்பார். இன்னொருவர் எல்லாவற்றையும் சிறிய எழுத்தில் விட்டிருப்பார். மூன்றாமவர் மட்டும் பெயருக்கு உரியவர் எழுதுவது போலவே எழுதியிருப்பார். பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடே தமிழில் இல்லாததால், இந்தப் பிழைகள் நம் கண்ணை அவ்வளவாக உறுத்துவதில்லை. ஆனால் அந்தப் பெயருக்கு உரியவருக்கு, தம் பெயர் அச்சிட்ட அட்டையைக் கையில் வாங்கியதும் முதலில் தெரிவது அதுதான்.

எக்செல், கூகுள் ஷீட்ஸ் இரண்டிலும் வேலை செய்யும் ஒரு முறையை இங்கே படிப்படியாகத் தருகிறேன். சார்புகளின் (விரிதாளில் உள்ளமைந்த ஃபங்ஷன்களின்) பெயர்களையும் கலங்களின் முகவரிகளையும் ஒலிப்படித் தமிழில் எழுதியிருக்கிறேன்; விரிதாளில் அவற்றை ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும். புராப்பர், அப்பர், லோயர், டிரிம், சப்ஸ்டிடியூட், எக்ஸாக்ட், விலுக்அப், இஃப்என்ஏ ஆகியவைதாம் இங்கே முக்கியமாகப் பயன்படுபவை.

தாளின் அமைப்பை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். ஏ நெடுவரிசையில் மூலப் பெயர் இருக்கட்டும். அதைத் தொடவே கூடாது. பி நெடுவரிசையில் துப்புரவு செய்த பெயர், சி, டி இரண்டிலும் விதிகளின் விளைவு, இ நெடுவரிசையில் இறுதிப் பெயர், எஃப் நெடுவரிசையில் மனிதக் கண் பார்க்க வேண்டியவற்றுக்கான குறி என்று வைத்துக்கொள்வோம். எச் நெடுவரிசையை விதிகளுக்கான முன்னொட்டுகளை எழுதி வைக்க ஒதுக்குங்கள். எல்லாவற்றையும் ஒரே கலத்தில் நீண்ட சூத்திரமாக அடைப்பதைச் சிலர் திறமையாகக் கருதுகிறார்கள். ஆறு மாதம் கழித்து அதைத் திறந்து பார்க்கும்போது எந்த அடைப்புக்குறி எங்கே முடிகிறது என்று தேடுவதிலேயே நேரம் போய்விடும் என்பதால், நான் தனித்தனி நெடுவரிசைகளையே பரிந்துரைக்கிறேன்.

முதல் படி: துப்புரவு

இணையப் பக்கங்களிலிருந்தும் மின்னஞ்சல்களிலிருந்தும் வெட்டி ஒட்டிய பெயர்களில் கண்ணுக்குத் தெரியாத குப்பை ஒட்டிக்கொண்டு வரும். முன்னும் பின்னும் உள்ள வெற்றிடங்களை டிரிம் நீக்கிவிடும். பெயரின் நடுவே இரண்டு மூன்று வெற்றிடங்கள் சேர்ந்திருந்தால் அவற்றையும் ஒன்றாக்கிவிடும். ஆனால் இணையப் பக்கங்களில் வரும் பிரியாத வெற்றிடம், ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் தரும் யுனிகோடு முறையில் 160ஆம் எண்ணுள்ள வேறொரு குறி. டிரிம் அதைத் தொடாது. அதேபோல, அயர்லாந்துப் பெயர்களிலும் போர்ச்சுகீசியப் பெயர்களிலும் வரும் அப்பாஸ்ட்ரபி (எழுத்தின் மேல்மூலையில் இடும் சிறு குறி), சில வரிசைகளில் நேரான குறியாகவும் சில வரிசைகளில் வளைந்த குறியாகவும் இருக்கும். நேர்க்குறியின் எண் 39, வளைந்ததன் எண் 8217. இரண்டையும் ஒன்றாக்காவிட்டால் பின்னால் பெயரைத் தேடிப் பொருத்தும் படி தோற்றுப்போகும். ஆகவே பி2 கலத்தில் இதை எழுதுங்கள்:

=டிரிம்(சப்ஸ்டிடியூட்(சப்ஸ்டிடியூட்(ஏ2,யுனிசார்(160)," "),யுனிசார்(8217),யுனிசார்(39)))

இரண்டாம் படி: புராப்பர் எங்கே போதும், எங்கே போதாது

பெரும்பாலான பெயர்களுக்குப் புராப்பர் சார்பு ஒன்றே போதும். அதன் விதி மிக எளியது: முதல் எழுத்தையும், எழுத்து அல்லாத எந்தக் குறியையும் அடுத்து வரும் எழுத்தையும் பெரியதாக்கும்; மற்ற எல்லாவற்றையும் சிறியதாக்கும். இந்த எளிமையிலேயே அதன் பலமும் பலவீனமும் இருக்கின்றன. ஓகானர், ஓநீல், டிசூசா, டிகுரூஸ் போன்ற பெயர்களில் முதல் எழுத்தை அடுத்து அப்பாஸ்ட்ரபி வருவதால், அதற்குப் பின்னுள்ள எழுத்து தானாகவே பெரியதாகிவிடுகிறது. இணைப்புக்கோடு போட்டு எழுதும் இரட்டைக் குடும்பப் பெயர்களும் சரியாக வந்துவிடுகின்றன. அதே விதி, 1901ஆம் ஆண்டில் வேதியியலுக்கான முதல் நோபல் பரிசைப் பெற்ற யாகோபஸ் வான்ட் ஹாஃப் என்ற டச்சுக்காரரின் பெயரைக் கெடுத்துவிடும். அவருடைய பெயரின் நடுவில் அப்பாஸ்ட்ரபியும் அதை ஒட்டிச் சிறிய டி எழுத்தும் வருகின்றன. புராப்பர் அந்த டியைப் பெரியதாக்கிவிடும்.

அடிக்கடி வரும் பிழை மெக் என்ற முன்னொட்டில்தான். மெக்டொனால்ட் என்ற பெயரை எம், சி என்ற இரண்டெழுத்து முன்னொட்டோடு எழுதும்போது, எம் பெரியது, சி சிறியது, அடுத்து வரும் டி மீண்டும் பெரியது. நடுவில் எந்தக் குறியும் இல்லாததால் புராப்பர் அந்த டியைச் சிறியதாகவே விட்டுவிடும்.

இதற்கு இணையத்தில் பரவலாகக் கிடைக்கும் தீர்வு, முதல் இரண்டெழுத்தை லெஃப்ட் சார்பால் வெட்டிப் பார்த்து, அது மெக் என்றால் மிச்சத்தைத் தனியாகப் புராப்பருக்கு அனுப்பும் இஃப் சூத்திரம். அது தவறில்லை, ஆனால் இரட்டைக் குடும்பப் பெயரில் இரண்டாம் பகுதி மெக் என்று தொடங்கினால் அதைக் கண்டுகொள்ளாது. அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. எச்1 கலத்தில் பெரிய எம், சிறிய சி என்ற இரண்டு எழுத்துகளை மட்டும் எழுதிவிட்டு, சி2 கலத்தில் இதைத் தாருங்கள்:

=சப்ஸ்டிடியூட்(புராப்பர்(சப்ஸ்டிடியூட்(புராப்பர்(பி2),$எச்$1,$எச்$1&"|")),"|","")

இது செய்வதை உள்ளிருந்து வெளியே படிக்க வேண்டும். உள்ளே இருக்கும் புராப்பர் பெயரை வழக்கம்போல் மாற்றுகிறது. அதன் பிறகு, பெரிய எம்மும் சிறிய சியும் அடுத்தடுத்து நிற்கும் இடம் ஒரு சொல்லின் தொடக்கமாக மட்டுமே இருக்க முடியும். சப்ஸ்டிடியூட் எழுத்தின் பெரியது சிறியது பார்த்தே மாற்றும் சார்பு என்பதால், சொல்லின் நடுவில் வரும் எம், சி ஜோடியை அது தொடாது. தொடக்கத்தில் வருவதை அடுத்து மட்டும் ஒரு செங்குத்துக் கோட்டைச் செருகுகிறது. இப்போது வெளியே உள்ள புராப்பருக்கு அந்தக் கோடு எழுத்து அல்லாத குறியாகத் தெரிவதால், அடுத்த எழுத்தைப் பெரியதாக்கிவிடுகிறது. கடைசியில் கோடு நீக்கப்படுகிறது. பெயர்களில் இந்தக் கோடு இயல்பாக வருவதில்லை என்பதால் அதைத் தேர்ந்தேன். எச்1 முகவரியில் உள்ள டாலர் குறிகளை விட்டுவிடாதீர்கள். அவை இல்லாவிட்டால் சூத்திரத்தைக் கீழே இழுக்கும்போது அது எச்2, எச்3 என்று நகர்ந்துபோகும்.

மூன்றாம் படி: டி, வான், மூன்றாமவர், மகன்

குடும்பப் பெயரின் முன் தனிச் சொல்லாக நிற்கும் துணைச் சொற்கள் அடுத்த சிக்கல். பிரான்சின் அதிபராக இருந்த சார்ல் தெ கோலின் பெயரிலும், இலங்கையில் 1972ஆம் ஆண்டின் குடியரசு அரசியலமைப்பை வரைந்த அமைச்சர் கொல்வின் ஆர். டி சில்வாவின் பெயரிலும் அந்தத் துணைச் சொல் சிறிய எழுத்தில் தொடங்கும். புராப்பர் அதைப் பெரியதாக்கிவிடும். எச்2 கலத்தில் பெரிய டியும் சிறிய இயும் கொண்ட அந்தச் சொல்லையும், எச்3 கலத்தில் பெரிய வி எழுத்தில் தொடங்கும் வான் என்ற சொல்லையும் எழுதி, டி2 கலத்தில் இதைத் தாருங்கள்:

=டிரிம்(சப்ஸ்டிடியூட்(சப்ஸ்டிடியூட்(" "&சி2&" "," "&$எச்$2&" "," "&லோயர்($எச்$2)&" ")," "&$எச்$3&" "," "&லோயர்($எச்$3)&" "))

பெயரின் இரு பக்கமும் ஒரு வெற்றிடத்தை ஒட்டிவிட்டு, வெற்றிடத்தால் சூழப்பட்ட முழுச் சொல்லை மட்டும் தேடுவதால், வேறொரு பெயருக்குள் அதே எழுத்துகள் வந்தாலும் அவை மாறா. ஒட்டிய வெற்றிடங்களைக் கடைசியில் டிரிம் உதிர்த்துவிடும். இன்னும் துணைச் சொற்கள் தேவைப்பட்டால் வெளியே ஒரு சப்ஸ்டிடியூட்டைச் சுற்றிக்கொண்டே போகலாம். மலேசியத் தமிழர்களின் அதிகாரப்பூர்வப் பெயர்களில் தந்தை பெயருக்கு முன் ஏ, சாய்கோடு, எல் என்று மகனுக்கும், ஏ, சாய்கோடு, பி என்று மகளுக்கும் வரும் சிறிய எழுத்துக் குறிகளையும் புராப்பர் பெரியதாக்கிவிடும். அவற்றையும் இதே அச்சில் திருப்பலாம். பெயரின் இறுதியில் வரும் ரோமன் எண்ணில் மூன்று ஐ இருந்தால், புராப்பர் பின்னிரண்டையும் சிறியதாக்கிவிடும். அங்கே மட்டும் லோயர் சார்புக்குப் பதிலாக அப்பர் சார்பைப் போடுங்கள்.

ஆனால் இந்தப் படியை எல்லா வரிசைகளுக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டக் கூடாது. ஹாலிவுட் நடிகர் ராபர்ட் டி நீரோ அதே சொல்லைப் பெரிய எழுத்தில்தான் எழுதுகிறார். டச்சுப் பெயர்களில் சிக்கல் இன்னும் ஒரு படி கூடுதல். நெதர்லாந்தில் வான் என்ற சொல் முதற்பெயரையோ அதன் முதலெழுத்தையோ அடுத்து வந்தால் சிறியதாகவும், குடும்பப் பெயர் மட்டும் தனியே நின்றால் பெரியதாகவும் எழுதப்படும். ஓவியர் வின்சென்ட் வான் கோவின் முழுப் பெயரில் சிறிய வி, குடும்பப் பெயரை மட்டும் சொல்லும்போது பெரிய வி. பக்கத்திலுள்ள பெல்ஜியத்திலோ, அந்நாட்டின் பிரதமராக இருந்த ஹெர்மன் வான் ரொம்பாயின் பெயரைப் போல, பெரும்பாலும் எப்போதுமே பெரிய வி. அகரவரிசைப்படுத்துவதிலும் இரு நாடுகளும் பிரிகின்றன: நெதர்லாந்தில் வான் கோவை ஜி எழுத்தின் கீழ்த் தேட வேண்டும், பெல்ஜியத்தில் இத்தகைய பெயர்கள் வியின் கீழ் வரும். ஆகவே உங்கள் பட்டியலில் நாட்டுக்கு ஒரு நெடுவரிசை இருந்தால், இந்தப் படியை ஓர் இஃப் சார்புக்குள் வைத்து, உரிய நாடுகளுக்கு மட்டும் நடக்கச் செய்யுங்கள். நெதர்லாந்துக்காரர்களின் வானைக் குடும்பப் பெயர் நெடுவரிசையில் பெரியதாகவே விட்டுவிட்டு, முதற்பெயரோடு சேர்த்து அச்சிடும் கலத்தில் மட்டும் சிறியதாக்குவது இன்னும் நல்லது.

சூத்திரத்தால் தீர்க்க முடியாதவை

மாக் என்று மூன்றெழுத்தில் தொடங்கும் பெயர்களுக்கு மெக்கைப் போலவே ஒரு சூத்திரம் எழுதலாமே என்று தோன்றும். எழுதாதீர்கள். பிரிட்டனின் பிரதமர்களாக இருந்த இருவரையே எடுத்துக்கொள்ளுங்கள்: ராம்சே மாக்டொனால்டின் பெயரில் டி பெரியது; ஹெரால்டு மாக்மில்லனின் பெயரில் இரண்டாம் எம் சிறியது. கனடாவின் முதல் பிரதமர் ஜான் ஏ. மாக்டொனால்டோ, ராம்சேயின் குடும்பப் பெயரிலுள்ள அதே எழுத்துகளைக் கொண்டவர். ஆனால் அவர் பெயரில் டி சிறியது. அமெரிக்கத் தளபதி டக்ளஸ் மாக்ஆர்தருக்கு நடுவில் பெரிய ஏ. ஆஸ்திரேலியாவில் கம்பளித் தொழிலுக்கு வித்திட்ட ஜான் மாக்ஆர்தருக்குச் சிறிய ஏ. எழுத்து ஒன்றுகூட மாறாத இரண்டு பெயர்களில் எதில் பெரிய எழுத்து வரும் என்பதை எந்தச் சூத்திரமும் பெயரைப் பார்த்துச் சொல்ல முடியாது. அது அந்தக் குடும்பத்தின் வழக்கம். போதாக்குறைக்கு, மச்சாடோ என்ற போர்ச்சுகீசியப் பெயரும் அதே மூன்று எழுத்துகளில்தான் தொடங்குகிறது. மாக் விதி அதன் நடுவிலும் ஒரு பெரிய எச்சைத் திணித்துவிடும்.

ஃபிட்ஸ் என்று தொடங்கும் பெயர்களும் இப்படித்தான். டார்வின் பயணம் செய்த பீகிள் கப்பலின் தலைவர் ராபர்ட் ஃபிட்ஸ்ராயின் பெயரில் ஆர் பெரியது, ஜான் எஃப். கென்னடியின் நடுப்பெயரான ஃபிட்ஸ்ஜெரால்டில் ஜி சிறியது. அயர்லாந்துப் பிரபு குடும்பம் ஒன்று தன் பெயரை இரண்டு சிறிய எஃப் எழுத்துகளில் தொடங்கி எழுதுகிறது. பெயரின் முதலெழுத்தே சிறியதாக இருக்கலாம் என்பதை எந்தப் பொது விதியும் எதிர்பார்ப்பதில்லை.

இவற்றுக்கு விலக்குப் பட்டியல் ஒன்றே வழி. அதே கோப்பில் புதிய தாள் ஒன்றைத் திறந்து அதற்கு விலக்கு என்று தமிழிலேயே பெயரிடுங்கள். அதன் ஏ நெடுவரிசையில், உங்கள் பட்டியலில் உள்ள விதிவிலக்கான பெயர்களைச் சரியான வடிவத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். தவறான வடிவத்துக்கு ஒரு நெடுவரிசை, சரியான வடிவத்துக்கு ஒரு நெடுவரிசை என்று இரண்டு தேவையில்லை. விலுக்அப் தேடும்போது பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. ஆனால் திருப்பித் தரும்போது பட்டியலில் எழுதியிருக்கும் வடிவத்தையே தருகிறது. நமக்கு வேண்டியதும் அதுதான்.

நான்காம் படி: சரியாக எழுதியதைக் கெடுக்காமல் இருப்பது

இப்போது இ2 கலத்தில் எழுத வேண்டிய இறுதிச் சூத்திரம்:

=இஃப்(ஆர்(எக்ஸாக்ட்(பி2,அப்பர்(பி2)),எக்ஸாக்ட்(பி2,லோயர்(பி2))),இஃப்என்ஏ(விலுக்அப்(பி2,'விலக்கு'!$ஏ:$ஏ,1,0),டி2),பி2)

இதிலுள்ள ஆர் என்பது, அல்லது என்று பொருள்படும் ஆங்கிலச் சொல். பெயர் முழுவதும் பெரிய எழுத்தாகவோ முழுவதும் சிறிய எழுத்தாகவோ இருந்தால்தான் இது கை வைக்கிறது. அப்படி இருந்தால் முதலில் விலக்குப் பட்டியலில் தேடுகிறது. அங்கே இல்லையென்றால் டி நெடுவரிசையில் உள்ள விதியின் விளைவை எடுத்துக்கொள்கிறது. பெயரில் பெரியதும் சிறியதும் கலந்திருந்தால், யாரோ ஒருவர் யோசித்துத்தான் அப்படித் தட்டச்சு செய்திருக்கிறார் என்று கொண்டு, அதை அப்படியே விட்டுவிடுகிறது. இந்த முறையில் நான் மிகவும் முக்கியமாகக் கருதுவது இந்தக் கடைசிப் பகுதியைத்தான். பட்டியல் முழுவதையும் புராப்பரில் போட்டு எடுப்பவர்கள், உரியவரே கவனமாக நிரப்பித் தந்த பெயரையும் சேர்த்து அழித்துவிடுகிறார்கள். அழித்த பிறகு அதை மீட்க மூல நெடுவரிசையும் இருப்பதில்லை.

எக்ஸாக்ட் சார்பை ஏன் போட வேண்டும், சமக்குறி போதாதா என்று கேட்கலாம். எக்செல்லிலும் ஷீட்ஸிலும் சமக்குறி பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகவே கருதும். அதைப் போட்டால் எல்லா வரிசைகளும் நிபந்தனைக்குள் வந்துவிடும். விலுக்அப் சார்பின் கடைசியில் உள்ள 0 என்பதையும் விட்டுவிடக் கூடாது. அது இல்லாவிட்டால் துல்லியமாகப் பொருந்தும் பெயருக்குப் பதிலாக ஏறத்தாழ அருகில் வரும் வேறு பெயரைச் சார்பு எடுத்துத் தந்துவிடும். ஒருவரின் பெயர் இன்னொருவருடையதாக மாறுவதைவிடப் பெரிய விபத்து இந்த வேலையில் இல்லை.

உங்களிடம் வந்து சேர்ந்த பட்டியலை ஏற்கெனவே யாரேனும் புராப்பரில் போட்டு எடுத்திருந்தால், மேற்கண்ட பாதுகாப்பு பயன்படாது. மெக் பெயர்கள் எல்லாம் மூன்றாம் எழுத்து சிறியதாகி, கலப்பு எழுத்தாகத் தோன்றுவதால், சூத்திரம் அவற்றைத் தாண்டிப் போய்விடும். அப்போது ஆர் சார்புக்குள் எக்ஸாக்ட்(பி2,புராப்பர்(பி2)) என்ற மூன்றாவது நிபந்தனையையும் சேர்க்க வேண்டும். அதற்கு ஒரு விலை உண்டு: சிறிய டி எழுத்தோடு தம் பெயரைத் தாமே எழுதிய மாக்டொனால்டையும், புராப்பர் சிறியதாக்கிய மாக்டொனால்டையும் இனிப் பிரித்தறிய முடியாது. அத்தகைய பட்டியலில் மாக் பெயர்களை விலக்குத் தாளில் சேர்க்காமல், கண்ணால் பார்த்து முடிவு செய்வதே நல்லது.

அந்தப் பார்வைக்குத்தான் எஃப் நெடுவரிசை. எச்4 கலத்தில் மாக் என்பதன் மூன்று எழுத்துகளையும், எச்5 கலத்தில் ஃபிட்ஸ் என்பதன் நான்கு எழுத்துகளையும் எழுதிவிட்டு, எஃப்2 கலத்தில் இதைத் தாருங்கள்:

=இஃப்(ஆர்(லோயர்(லெஃப்ட்(இ2,3))=லோயர்($எச்$4),லோயர்(லெஃப்ட்(இ2,4))=லோயர்($எச்$5),இஸ்நம்பர்(ஃபைண்ட்(" ",இ2))),"பார்க்க","")

மாக், ஃபிட்ஸ் பெயர்களையும், நடுவில் வெற்றிடம் உள்ள எல்லாப் பெயர்களையும் இது குறித்துக் காட்டும். வடிகட்டியில் பார்க்க என்பதைத் தேர்ந்தெடுத்தால் அவை மட்டும் திரையில் நிற்கும். ஒவ்வொரு பெயருக்கும் அவருடைய மின்னஞ்சலின் கீழுள்ள கையொப்பத்தையோ, அவர் தம் கையால் நிரப்பிய படிவத்தையோ பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் கேட்டுவிடுங்கள். அப்படி உறுதி செய்த வடிவம் பட்டியலில் அந்தக் குடும்பப் பெயருள்ள எல்லோருக்கும் பொருந்தினால் விலக்குத் தாளில் சேர்க்கலாம். ஒரே பெயரை இருவர் இரண்டு விதமாக எழுதினால் விலக்குத் தாள் உதவாது. அந்த இரண்டு வரிசைகளில் மட்டும் பி நெடுவரிசையின் சூத்திரத்தை அழித்துவிட்டுச் சரியான பெயரை நேரடியாகத் தட்டச்சு செய்யுங்கள். மாக்டொனால்ட் போன்ற கலப்பு எழுத்துப் பெயராக இருந்தால், இ நெடுவரிசை அதை மதித்து அப்படியே எடுத்துக்கொள்ளும். மூன்றாவது நிபந்தனையைச் சேர்த்திருப்பவர்கள் மட்டும் இதை இ நெடுவரிசையிலேயே செய்ய வேண்டும்.

சூத்திரங்களைப் பட்டியலின் இறுதி வரை இழுப்பதற்கு முன், சோதனைக்காக மேலே சில வரிசைகளைச் செருகி, ஒரு மெக், ஒரு மாக், அப்பாஸ்ட்ரபி உள்ள ஒன்று, இணைப்புக்கோடு உள்ள ஒன்று, ஒரு டி சில்வா, முன்னும் பின்னும் வெற்றிடம் உள்ள ஒன்று என்று எழுதிப் பாருங்கள். ஒவ்வொன்றையும் முழுப் பெரிய எழுத்திலும், முழுச் சிறிய எழுத்திலும், சரியான வடிவத்திலும் தந்து பார்த்தால், எந்தப் படியில் பிசகு இருந்தாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

எக்செல்லில் கண்ட்ரோல், இ ஆகிய விசைகளை அழுத்தினால் வரும் ஃபிளாஷ் ஃபில் வசதியை இதற்குப் பயன்படுத்தலாமா என்று சிலர் கேட்பதுண்டு. அது ஓரிரு எடுத்துக்காட்டுகளைப் பார்த்து மற்றவற்றை ஊகிக்கும் வசதி. எந்த விதியைப் பிடித்துக்கொண்டது என்பதை அது சொல்வதில்லை. மூலப் பெயர் பின்னால் மாறினாலும் விளைவு மாறாது. இருபது பெயர்களுக்குச் சரி; ஆயிரம் பெயர்களுக்கு நான் அதை நம்ப மாட்டேன்.

எல்லாம் சரியென்று உறுதியானதும் இ நெடுவரிசையை நகலெடுத்து, புதிய நெடுவரிசை ஒன்றில் மதிப்புகளாக மட்டும் ஒட்டுங்கள். அஞ்சல் அட்டை அச்சிடும் மென்பொருளுக்கோ வேறு தரவுத்தளத்துக்கோ அந்த நெடுவரிசைதான் போக வேண்டும். சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த எளிய உரை) கோப்பாகச் சேமிப்பதானால், எல்லா மொழி எழுத்துகளையும் காக்கும் யுடிஎஃப்-8 வகையைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் உச்சரிப்புக் குறிகள் உள்ள ஐரோப்பியப் பெயர்கள் கேள்விக்குறிகளாக மாறிவிட வாய்ப்புண்டு. ஏ நெடுவரிசை கண்ணை உறுத்தினால் மறைத்து வையுங்கள், அழிக்க வேண்டாம். விலக்குத் தாளைத் தனிக் கோப்பாகவும் ஒரு படி எடுத்து வைத்துக்கொண்டால், அடுத்து வரும் பட்டியலுக்கு அதையே கொண்டுபோய் ஒட்டிக்கொள்ளலாம்.